எப்படித் திரும்பினாலும் வட்டம்

(ஓவிய மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பேச்சைத் தொடங்குமுன் கரும்பலகையில் மூன்று வட்டம் போடுகிறேன். ஒன்று பெரிது. அதன் மேலே, இடமும் வலமுமாக, சின்னதாக இரண்டு. கண் வைக்கவில்லை, மூக்கு வைக்கவில்லை, வாய் வைக்கவில்லை. ஆனாலும் கடைசி வரிசையில் இருக்கிற அந்தத் தம்பி, இது யார் என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது விளம்பரப் பலகை எழுதும் ஒரு அண்ணனிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். எங்களுக்கு நிலையாகக் கிடைத்த வேலை மழலையர் பள்ளிச் சுவர். ஒரு பக்கம் அ, ஆ. இன்னொரு பக்கம் காய்கறி, பழம். வாசலுக்கு இரண்டு பக்கமும் கையை நீட்டிக் குழந்தைகளை உள்ளே கூப்பிடுகிற மிக்கி மவுஸ். ஒருமுறை இடப்பக்கத்து மிக்கியை ஒரு பென்சில் டப்பா மூடியைப் பார்த்துப் போட்டேன்; வலப்பக்கத்து மிக்கியை ஒரு நோட்டுப் புத்தக அட்டையைப் பார்த்து. முடித்துவிட்டுத் தெருவில் இறங்கி நின்று பார்த்தால், இரண்டும் ஒரே ஆள் இல்லை! ஒன்றுக்குக் கண் முழுக்கக் கறுப்பு, அதில் ஆரஞ்சுச் சுளை அளவுக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்த மாதிரி வெள்ளை. மற்றதற்கு வெள்ளை விழி, நடுவில் கறுப்புப் பாவை. ஒன்றின் முகம் சுண்ணாம்பு வெள்ளை; மற்றதன் முகம் சந்தன நிறம். கை தவறிவிட்டதோ என்று பயந்து அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் சரிதான் தம்பி. ரெண்டும் அவங்க போட்டதுதான்" என்றார். ஒரே எலிக்கு எப்படி இரண்டு முகமும் சரியாக இருக்க முடியும் என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்தது; இன்னும் விடவில்லை.

நான் கண்ட பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த முகத்தை மாற்றியது காலத்தின் ரசனை மட்டும் இல்லை. அதை எந்தப் பொருளில் செய்தார்களோ, பல நேரம் அந்தப் பொருளே மாற்றியது. காகிதம் ஒரு முகம் கேட்டது. துணி வேறொன்று கேட்டது. கடிகாரத் தகடு ஒன்று, உள்ளே ஆள் நின்று நடக்கிற வேஷத் தலை ஒன்று. அந்தந்தப் பொருளுக்குப் பணிந்து செய்த முகங்களில் எல்லாம் உயிர் இருக்கிறது. எல்லாப் பொருளுக்கும் ஒரே முகத்தைப் பூட்டப் பார்த்த இடங்களில்தான் அந்த உயிர் குறைந்துபோயிருக்கிறது.

காகிதத்திலிருந்து வருவோம். 1928இல் வால்ட் டிஸ்னி செய்துகொண்டிருந்த ஆஸ்வால்ட் என்ற முயல் பாத்திரத்தின் உரிமை அவர் கையைவிட்டுப் போயிருந்தது. அந்த இடத்துக்குச் சீக்கிரமாக ஒரு புது உருவம் வேண்டும். அவருடைய கூட்டாளி அப் ஐவர்க்ஸ் மின்னல் வேகக் கைக்காரர். 'பிளேன் கிரேஸி' என்ற முதல் மிக்கி படத்துக்கு ஒரே நாளில் 700 படங்கள் வரை வரைந்தார் என்று அந்தத் தொழிலில் இன்றும் பேசிக்கொள்வார்கள். அந்த வேகத்துக்கு வட்டம்தான் கைகொடுக்கும். தலை வட்டம், காது வட்டம், வயிறு வட்டம். கை கால் ரப்பர் குழாய். அதே ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி நியூயார்க்கின் காலனி தியேட்டரில் 'ஸ்டீம்போட் வில்லி' திரையிடப்பட்டபோது உலகம் பார்த்தது இந்த வட்டங்களைத்தான்.

இப்போது அந்தக் காதுகளைக் கவனியுங்கள். நேரே பார்த்தாலும் இரண்டு வட்டம். முகத்தை இடப்பக்கம் திருப்பினாலும் இரண்டு வட்டம், வலப்பக்கம் திருப்பினாலும் இரண்டு வட்டம். நிஜத்தில் தட்டையான காது பக்கவாட்டில் ஒடுங்கித் தெரிய வேண்டும். ஒன்று தலைக்குப் பின்னால் மறைய வேண்டும். இந்த எலிக்கு அப்படி நடப்பதே இல்லை. அதன் காது தலையில் முளைத்ததாக இல்லாமல், தலைமேல் வழுக்கி வழுக்கி, நாம் பார்க்கிற பக்கத்துக்கு வந்து நிற்கிறது. காகிதத்துக்கு மட்டுமே கிடைத்த சலுகை இது. பின்னால் இந்த எலியைக் கையால் தொடும் பொருளாக்கப் பார்த்த ஒவ்வொருவரும் இந்த இடத்தில் முட்டிக்கொண்டார்கள்.

கையுறைக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பு உடம்புக்கு முன்னால் கறுப்புக் கை அசைந்தால் கண்ணுக்குத் தெரியாது. 1929இல் 'தி ஆப்ரி ஹவுஸ்' படத்தில் வெள்ளைக் கையுறை வந்தது. விரல் எது, வயிறு எது என்று பிரித்துக் காட்ட வந்த கையுறை நூறு ஆண்டை நெருங்கியும் கழற்றப்படவில்லை.

கண்ணைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அந்தக் காலத் திரைப்படங்களில் மிக்கியின் கண் வெறும் கறுப்பு முட்டை வடிவம். துண்டு வெட்டிய கண் பெரும்பாலும் அச்சுக்கும் விளம்பரத்துக்கும் பொருள்களுக்கும் உரியது. போஸ்டரிலும் செய்தித்தாள் படக்கதையிலும் அசையாமல் நிற்கும் உருவத்துக்கு அந்த வெட்டு ஒரு பார்வையைக் கொடுத்தது. ஆக, என் பென்சில் டப்பாவில் இருந்த மிக்கி திரையிலிருந்து வந்தவரே இல்லை. பிறந்ததிலிருந்தே கடைச் சரக்கு. திரைக்கு ஒரு முகம், கடைக்கு ஒரு முகம் என்ற பிரிவு ஆரம்பத்திலேயே விழுந்துவிட்டது.

துணிக்கு வருவோம். 1930இல் லாஸ் ஏஞ்சலிஸில் சார்லட் கிளார்க் என்ற பெண்மணி மிக்கியைத் துணிப் பொம்மையாகத் தைக்க நினைத்தார். அவருடைய உறவுக்காரப் பையன், பள்ளி வயதினன், படம் பார்த்து உருவத்தைக் கோட்டில் பிடித்துக் கொடுத்தான். அவன்தான் பின்னாளில் வார்னர் பிரதர்ஸின் பெயர்பெற்ற கார்ட்டூன் இயக்குநராக வந்த பாப் கிளாம்பெட். பொம்மை வால்ட் டிஸ்னிக்குப் பிடித்துப்போனது. துணி என்ன செய்தது என்று பாருங்கள். வழுக்கும் காதைத் தைக்க முடியாது. ஏதாவது ஓரிடத்தில் ஊசி குத்தியே ஆக வேண்டும். கிளார்க்கின் பொம்மையில் காது முன்பார்வைக்காக வைத்துத் தைக்கப்பட்டது. ரப்பர் குழாய்க் கால் பஞ்சு அடைத்த கால் ஆனது. காகிதத்து எலி துள்ளும். இந்த எலி மடியில் உட்காரும். கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்து மாளவில்லை. பிறகு வீட்டிலேயே வெட்டித் தைத்துக்கொள்ளும்படி தையல் மாதிரித் தாளையும் விற்பனைக்கு விட்டார்கள். அப்படி எத்தனை தாய்மார் எத்தனை முகம் தைத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது. ஒவ்வொரு வீட்டு மிக்கியின் சிரிப்பும் அந்த வீட்டு ஊசி போன வழி.

அதே காலத்தில் இங்கிலாந்தின் டீன்ஸ் ராக் புக் கம்பெனி செய்த மிக்கிக்கு வாய் நிறையப் பல். இன்றைய கண்ணுக்கு அது கொஞ்சம் மிரட்டும். அதைச் செய்தவர்கள் எலி என்ற சொல்லைக் கேட்டு எலியைச் செய்தார்கள். அதில் ஒரு நேர்மை இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

1932இல் கே கேமன் என்ற விளம்பரத் துறைக்காரர் டிஸ்னியின் பொருள் உரிமங்களைக் கவனிக்க வந்தார். யார் எதை விற்கலாம், எந்தப் படத்தை வைத்து விற்கலாம் என்று ஒழுங்கு கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு இங்கர்சால் கைக்கடிகாரம் வந்தது. அந்தக் கடிகாரத்தை நான் ஒரு பெரிய கலைப்பொருளாகவே மதிக்கிறேன். மிக்கியின் இரண்டு கைகள்தான் இரண்டு முள். மஞ்சள் கையுறை மணியையும் நிமிடத்தையும் காட்டும். நொடி காட்டும் சின்ன வட்டத்தில் மூன்று குட்டி மிக்கிகள் ஒருவரை ஒருவர் துரத்தி ஓடும். ஆறரை மணிக்குப் பார்த்தால் இரண்டு கையும் காலடியைச் சுட்டும். பத்து மணி பத்து நிமிடத்துக்குப் பார்த்தால் கும்மாளம். எலும்புள்ள எந்த உடம்பும் அப்படி வளையாது. ரப்பர் குழாய்க் கை என்ற காகிதத்து விதியைக் கடிகாரத் தகடு அப்படியே வாங்கித் தனக்கு வேலையாக்கிக்கொண்டது. உருவத்துக்கும் பொருளுக்கும் பொருத்தம் பார்த்தால், பத்துக்குப் பத்தும் சேர்ந்த ஜோடி இது.

இனி கண் திறந்த கதை. நம் சிற்பிகள் விக்கிரகத்தை முழுக்க முடித்துவிட்டுக் கண்ணை மட்டும் கடைசியில் திறப்பார்கள். மிக்கிக்குக் கண் திறக்க 11 ஆண்டுகள் ஆயின. திறந்தவர் ஃப்ரெட் மூர். முறையான ஓவியப் பயிற்சி அதிகம் இல்லாதவர், இளம்பிள்ளையாக ஸ்டுடியோவுக்குள் வந்தவர், 1952இல் 41 வயதில் விபத்தில் போய்விட்டவர். அவர் கோட்டில் ஒரு குழைவு உண்டு. உடன் வேலைசெய்தவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். வட்ட வயிற்றைப் பேரிக்காய் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கன்னத்தை வாயோடு சேர்ந்து அசைய வைத்தார். கறுப்பு முட்டைக்குப் பதிலாக வெள்ளை விழியும் பாவையும் வைத்தார். 1939இல் வெளியான 'தி பாயின்டர்' படத்தில் அந்தக் கண்ணோடு மிக்கி வந்தது. அடுத்த ஆண்டு 'ஃபேன்டேஷியா'வில் மந்திரவாதியின் தொப்பி போட்டுக்கொண்டதும் அந்தக் கண்தான். முகமும் வெள்ளையிலிருந்து சந்தன நிறத்துக்கு மாறியது. என் நோட்டு அட்டை மிக்கி இந்த வம்சம்.

பாவை வந்ததால் என்ன ஆனது? அதுவரை மிக்கி எதைப் பார்க்கிறது என்பதைத் தலையைத் திருப்பித்தான் காட்ட முடியும். இப்போது தலையை அசைக்காமலேயே ஓரக்கண்ணால் பார்க்கலாம், தயங்கலாம், வெட்கப்படலாம். பெரிய லாபம். ஆனால் நஷ்டமும் உண்டு என்பேன். குறும்பு போய்விட்டது. கறுப்பு முட்டைக் கண்ணுக்குள் என்ன யோசனை ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் 1928இன் போக்கிரித்தனம் குடியிருந்தது.

உயிரியல் அறிஞர் ஸ்டீஃபன் ஜே கூல்ட் 1979இல் எழுதிய ஒரு கட்டுரையில் மிக்கியை அளவெடுத்தார். உண்மையாகவே அளவுக் கருவி வைத்து எடுத்தார். காலம் போகப் போகக் கண்ணின் அளவு தலை நீளத்தில் 27 விழுக்காட்டிலிருந்து 42 ஆகியிருந்தது. தலையின் நீளம் உடல் நீளத்தில் 42.7 விழுக்காட்டிலிருந்து 48.1 ஆகியிருந்தது. மற்ற உயிர்கள் குழந்தையாகப் பிறந்து பெரிதாக வளரும். இந்த எலி வயது ஏற ஏறக் குழந்தையாகிக்கொண்டே போகிறது என்று காட்டினார். பெரிய தலை, பெரிய கண், உப்பிய கன்னம் கண்டால் மனிதருக்குள் பாசம் சுரக்கும் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லோரென்ஸ் சொன்னதை அதற்குத் துணையாக எடுத்துக்கொண்டார். நம் சிற்ப மரபு படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பெருந்தெய்வத்துக்குத் தசதாலம், பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். முகத்தை அலகாக வைத்து உடம்பை அளக்கும் கணக்கில், எண் குறையக் குறைய உருவம் குழந்தை ஆகும். தொப்பையும் பெரிய தலையுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையாரைப் பார்த்ததும் கொஞ்சத் தோன்றுவது ஏன் என்று ஸ்தபதிகளுக்குத் தெரிந்திருந்தது. டிஸ்னி ஓவியர்கள் அதே இடத்துக்குக் கைப்பழக்கத்தால் வந்து சேர்ந்தார்கள்.

1941இல் சில படங்களில் காதையும் சரிசெய்யப் பார்த்தார்கள். திரும்பினால் ஒடுங்கும், கனமுள்ள காது. 'தி லிட்டில் விர்ல்விண்ட்' படத்தில் பார்க்கலாம். அதை நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை. வட்டமே திரும்பி வந்தது. உடம்பு, கண், நிறம் எல்லாம் விட்டுக்கொடுத்த எலி காதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதெல்லாம் தட்டையான தாளில் நடந்தது. 1955 ஜூலை 17ஆம் தேதி கலிபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது, மிக்கி நடந்து வர வேண்டியதாயிற்று. அதற்கென்று வேஷம் தயாராக இருக்கவில்லை. ஐஸ் கேப்பேட்ஸ் என்ற பனிச்சறுக்கு நிகழ்ச்சிக்காரர்களிடம் இருந்த வேஷங்களை வாங்கி மாட்டினார்கள். பழைய படங்களில் அந்தத் தலைகளைப் பாருங்கள். பெரிய அரங்கத்தில், தொலைவில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகச் செய்த தலை அது. பூங்காவில் குழந்தை கை எட்டும் தூரத்தில் நிற்கிறது. அரங்கத்தில் சிரிப்பாகத் தெரிந்தது அருகில் பார்த்தால் விறைத்த முகம். தெருக்கூத்து மேக்கப்பை யாராவது அடைப்பில் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் நான் சொல்வது புரியும். தூரத்து விளக்குக்குப் போட்ட கோடு கிட்டத்தில் வேறு பாஷை பேசும். பிறகு 1960களின் தொடக்கத்தில் அனிமேட்டர் பில் ஜஸ்டிஸ், ஜான் ஹென்ச் போன்றவர்கள் உட்கார்ந்து பூங்காவுக்கென்றே வேஷங்களைத் திருத்தினார்கள்.

அந்த வேலையின் கஷ்டத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே ஒரு ஆள் மூச்சு விட வேண்டும், வழி பார்க்க வேண்டும், வெயிலில் ஆட வேண்டும். தலையின் அளவைத் தீர்மானிப்பது ஓவியரின் விருப்பம் இல்லை, உள்ளே இருக்கும் மனிதத் தலை. முகம் அசையாது. ஒரே ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு பிறந்தநாள் குழந்தையிடமும் நிற்க வேண்டும், அழும் குழந்தையிடமும் நிற்க வேண்டும். அதனால் வேஷம் கட்டியவரின் கழுத்தும் தோளும் கையும்தான் முகத்தின் வேலையைச் செய்கின்றன. 2010களில் சில ஆண்டுகள் புளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவில் கண் சிமிட்டி வாயசைத்துப் பேசும் மிக்கியையும் வைத்துப் பார்த்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். பேசாத மிக்கியின் சாய்ந்த கழுத்தில் இருந்த கனிவு எனக்கு அந்த இமைகளில் கிடைக்கவில்லை. காது? வேஷத்தில் காது ஓரிடத்தில் நிலையாக நிற்கிறது. பக்கத்தில் போய் நின்றால் ஒடுங்குகிறது. டிஸ்னிலேண்டின் நடுவில் 1993இல் நிறுவிய வெண்கலச் சிலையிலும் இதே கதை. வால்ட் டிஸ்னி மிக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகச் சிற்பி பிளேன் கிப்சன் செய்தது. அதைச் சுற்றி நடந்தால், எந்தக் கோணத்துக்காகக் காதை வைத்தார் என்று காலாலேயே கண்டுபிடிக்கலாம்.

2019 மார்ச்சில் டோக்கியோ டிஸ்னிலேண்டில் மிக்கி, மின்னி வேஷங்களின் முகம் மாறியது. உலகத்தின் மற்றப் பூங்காக்களில் வந்துகொண்டிருந்த புது முகம்: கண் பெரிது, பார்வை இளசு. டோக்கியோ பூங்கா 1983இல் திறந்தது. அங்கே அந்த முகத்தோடு வளர்ந்தவர்கள் பலர் வருந்தினார்கள். இது நம்ம மிக்கி இல்லை என்ற அவர்களுடைய வருத்தத்தைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று சிலர் ஒதுக்கினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஊர்த் தேரின் குதிரை முகத்தைப் புதிதாகச் செதுக்கி வைத்தால் கிழவர்கள் நின்று உற்றுப் பார்ப்பார்களே, அந்தப் பார்வையில் இருப்பது உரிமை. பல ஆண்டுகள் ஒரு முகத்தைக் கட்டிப்பிடித்தவர்களுக்கு அதன் கன்னத்து வளைவு மனப்பாடம். புது முகம் அழகில்லை என்பது என் கட்சி இல்லை. பூங்காவுக்குப் பூங்கா இருந்த சின்னச் சின்ன வேறுபாடு, அந்தந்த ஊர் ஒப்பனைக் கூடத்தின் கைவாகு, ஒரே அச்சில் அடங்கிப்போனதுதான் எனக்கு வலிக்கிறது. பொருள் கேட்டு வந்த மாற்றமாக அதை என்னால் பார்க்க முடியவில்லை. நிறுவனத்தின் கையேடு கேட்டு வந்த மாற்றம் அது.

ஆனால் அதே ஆண்டுகளில் எதிர்த்திசையில் ஒன்று நடந்தது, அதைச் சந்தோஷமாகச் சொல்கிறேன். 2013இல் பால் ரூடிஷ் என்ற ஓவியர் புது மிக்கி குறும்படங்களைத் தொடங்கினார். பாவையை எடுத்துவிட்டார், கறுப்புக் கண் திரும்பி வந்தது. ரப்பர் கை கால் திரும்பி வந்தது. வாய் முகத்தைவிடப் பெரிதாகத் திறக்கும். தொலைந்த போக்கிரித்தனம் வீடு திரும்பிவிட்டது! பல படங்கள் வெவ்வேறு ஊர்களில் நடக்கும். 2014இல் வந்த 'மும்பை மேட்னஸ்' நம் நாட்டுக்கும் வந்தது. முதலில் சிலருக்கு இந்த முகம் ஒட்டவில்லை. ஆனால் 2020 மார்ச்சில் புளோரிடாவின் ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவில், மிக்கியை நாயகனாக வைத்த முதல் சவாரி என்று சொல்லி ஒரு ரயில் சவாரியைத் திறந்தபோது, பூங்கா தேர்ந்தெடுத்தது இந்த முகத்தைத்தான். தட்டையான கோட்டுச் சித்திரத்தைக் கட்டடமாக எழுப்பி, அதற்குள் ஆட்களை உட்காரவைத்து ஓட்டுகிற காரியம். இயந்திர பொம்மைகளின் முகத்தில் ஒளியால் சித்திரம் விழுகிறது. அதனால் வேஷத்து முகத்தால் முடியாத அசைவு கிடைத்துவிட்டது. 1928இல் காகிதம் தந்த சலுகையைத் திருப்பித் தர இத்தனை பொறியாளர்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள். கணினியில் உருவம் செய்பவர்களும் காதைத் தலைமேல் நகர்த்தித்தான் வட்டத்தைக் காப்பாற்றுகிறார்கள்.

இன்னொன்று. 2024 ஜனவரி 1ஆம் தேதி, அமெரிக்காவில் 'ஸ்டீம்போட் வில்லி'யின் பதிப்புரிமை முடிந்தது. அன்று முடிந்தது 1928இன் மிக்கிக்கு மட்டும்: கையுறை இல்லாத, பாவை இல்லாத, கறுப்பு வெள்ளை எலி. பின்னால் வந்த முகங்களுக்குத் தனித்தனிக் காலக்கெடு, வணிகச் சின்ன உரிமை வேறு. ஃப்ரெட் மூர் வைத்த பாவை இன்று சட்டத்தின் எல்லைக் கல்லாகவும் நிற்கிறது. அந்த நாட்டில் ஒரு ஓவியர் எந்த எலியை எடுத்துக்கொள்ளலாம், எதை எடுக்கக் கூடாது என்பதை அந்த ஆண்டில் கண்ணையும் கையையும் பார்த்துத்தான் சொன்னார்கள். நாம் இவ்வளவு நேரம் பார்த்த அதே நுணுக்கங்கள், இப்போது வழக்கறிஞர் மேசையில்.

நேரம் ஆகிறது. கரும்பலகைக்குத் திரும்புகிறேன். மூன்று வட்டத்தை அழித்துவிட்டேன். இப்போது வரைவது பக்கவாட்டுத் தலை: இது மூக்கு, இது நெற்றி, இது பின்மண்டை. ஒரு காதை உச்சிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். இன்னொரு காது பாக்கி. காகிதத்தில் என்றால் எங்கே வைப்பீர்கள், களிமண்ணில் என்றால் எங்கே வைப்பீர்கள்? சாக்பீஸ் மேசைமேல் இருக்கிறது. ஒவ்வொருவராக வாருங்கள்.